சும்மா இருப்பது யார் முடிவு?

“நீங்க சும்மா உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்.” தமிழ் வீடுகளில் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் காதில் நாளைக்கு நாலு தடவையாவது விழும் பேச்சு இது. சொல்பவர் குரலில் எரிச்சல் இருப்பது அபூர்வம், பாசம்தான் இருக்கும். ரேஷன் கடைக்குக் கிளம்புகிறவரிடமும், அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்காருகிறவரிடமும், பாஸ்புக்கில் வரவு பதிந்து வருகிறேன் என்கிறவரிடமும் இதே பேச்சுத்தான். இத்தனை வருடம் உழைத்தது போதாதா என்ற நியாயமும் அதற்குள் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வேலையாகக் கையிலிருந்து வாங்கி வைத்த பிறகு அந்த மனிதருக்கென்று மிஞ்சுவது டிவி ரிமோட்டும் மாத்திரை டப்பாவும்தான். பேரன் வந்துவிட்டால் ரிமோட்டும் கைமாறும். விசாரித்தால் “ஒரு குறையும் இல்லை, பிள்ளைங்க நல்லாப் பாத்துக்கறாங்க” என்பார். பொய் சொல்லவில்லை. ஆனால் குறை இல்லாமல் இருப்பதை நிறைவு என்று சொல்லிவிட முடியுமா?

விந்தை என்னவென்றால், நம் ஞான மரபில் இதே ‘சும்மா’ உச்சாணியில் உட்கார்ந்திருக்கிற சொல். அருணகிரிநாதருக்கு முருகன் செய்த உபதேசமே சும்மா இருக்கச் சொன்னதுதான் என்பார்கள். தாயுமானவர் அந்த நிலைக்காக ஏங்கி ஏங்கிப் பாடினார். அவர்கள் தேடியதும் நம் வீட்டுப் பெரியவருக்கு வாய்த்திருப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்: ஓர் ஆள், ஓர் இருக்கை, அசைவில்லை. ஞானி தானாக நடந்துபோய் உட்கார்ந்தார். பெரியவரை உட்கார வைத்துவிட்டார்கள். முதுமை நன்றாக அமையப் பணம் வேண்டும், உடம்பு வேண்டும், பிள்ளைகள் வேண்டும் என்று வழக்கமாகச் சொல்கிறோம். வேண்டும்தான். ஆனால் இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொன்று கிடக்கிறது. இன்றைய பொழுதை எப்படிக் கழிப்பது என்று தீர்மானிக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பது அது. அந்த உரிமை கைவிட்டுப் போனால் மற்ற மூன்றும் இருந்தும் வீடு சத்திரமாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் 1976-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல சாட்சி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்ற முதியோர் இல்லத்தில் நடந்தது. ஒரு மாடியில் இருந்தவர்களைக் கூட்டி வைத்து நிர்வாகி பேசினார். அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு, எது பிடிக்கவில்லையோ அதைச் சொல்லி மாற்றச் செய்வதும் உங்கள் பொறுப்பு, வாரத்தில் எந்த இரவு படம் பார்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள், இதோ சில செடிகள், வேண்டியவர்கள் பிடித்ததை எடுத்துக்கொண்டு வளர்த்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டாம் மாடிக்காரர்களிடமும் அதே கனிவோடுதான் பேசினார். உங்களைச் சந்தோஷமாக வைத்திருப்பது எங்கள் கடமை, படம் இந்த நாளில், இது உங்கள் செடி, நர்ஸ் வந்து தண்ணீர் ஊற்றுவார் என்றார். மூன்று வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. முதல் கூட்டத்தார் கலகலப்பானார்கள், மற்றவர்களோடு பழகினார்கள். இரண்டாம் மாடியில் பெரும்பாலோர் இன்னும் தளர்ந்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது முதல் பிரிவின் 47 பேரில் 7 பேரும், இரண்டாம் பிரிவின் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தார்கள். நம் வீடுகளில் பல அந்த இரண்டாம் மாடிதான். செடி இருக்கிறது, தண்ணீரும் நேரத்துக்கு விழுகிறது, ஊற்றுவது மட்டும் வேறு கை.

இந்த ஆய்வை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆட்கள் எண்ணிக்கை சிறியது. சாவுக் கணக்கைப் புள்ளியியல் முறையில் எடைபோட்டதில் பிழை நேர்ந்ததாக 1978-இல் அந்த ஆசிரியர்களே திருத்தம் வெளியிட்டார்கள். முதலில் சொன்ன அளவுக்கு அந்த வேறுபாடு உறுதியானதல்ல. செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று இதை வைத்து யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் செய்த இன்னொரு ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதியோர் இல்லத்துக்குக் கல்லூரி மாணவர்கள் வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார்கள். சிலருக்கு, எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று தாங்களே சொல்லும் வசதி. சிலருக்கு வருகிற நேரம் முன்கூட்டித் தெரியும். சிலரிடம் திடீர் திடீரென்று வந்து போனார்கள். முதல் இரண்டு வகையினரும் தேறினார்கள். அதே பேச்சு, அதே பிள்ளைகள். எதிர்பாராமல் வந்த வருகை மட்டும் அந்தப் பலனைத் தரவில்லை. கதை இதோடு முடியவில்லை. ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்ற பிறகு, தேறியிருந்த அந்த இரு பிரிவினரும்தான் மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தார்கள். கொடுத்துப் பறிப்பது கொடுக்காமலே இருப்பதைவிடக் கொடியது. நாற்பது வருடம் குடும்பத்தை நடத்தியவரிடமிருந்து ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் வாங்கி வைக்கும்போது நாம் செய்வது இதைத்தான்.

பறிப்பதற்குச் சட்டமே ஒரு தேதி குறித்துக் கொடுத்திருக்கிறது. உலகின் முதல் அரசு முதியோர் காப்பீடு என்று சொல்லப்படும் 1889-ஆம் வருடத்து ஜெர்மன் சட்டத்தில் வயது வரம்பு 70. அதைக் கொண்டுவந்த பிஸ்மார்க் 65 என்று வைத்ததாக எழுதுகிறவர்கள் அதிகம். அது 1916-இல்தான் 65 ஆனது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 58 என்று இருந்தது, 2020-இல் 59, மறு ஆண்டே 60. ஓய்வுக்காலப் பலன்களை மொத்தமாகக் கொடுக்கிற சுமையைத் தள்ளிப்போடத்தான் இது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். எப்படியோ, இரண்டு வருடத்தில் தமிழர் உடம்பில் எந்த மாற்றமும் வந்திருக்காது. கஜானாவின் வசதிக்காக நகர்த்துகிற ஒரு கோட்டை, இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் கிழவன் என்று பிரிக்கிற இயற்கையின் கோடாக நாம் எடுத்துக்கொள்கிறோம். சடங்குகளும் இதற்குத் தப்பவில்லை. திருக்கடையூரில் நடக்கும் அறுபதாம் கல்யாணங்களில் பலவற்றிலும் தேதி குறிப்பது, மண்டபம் பிடிப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது எல்லாம் பிள்ளைகள். மாலையும் கழுத்துமாக இருக்கிற தம்பதிதான் அங்கே விருந்தாளி.

இதற்கு நேர் எதிரான வாழ்க்கை நம் கண்முன் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1919-இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபோது வயது 64. ஏடுகளிலிருந்து அவர் பதிப்பித்த பெருங்கதை அச்சேறியது 1924-இல். அதே ஆண்டு சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். குறுந்தொகைப் பதிப்பு 1937-இல், 82-ஆம் வயதில். ‘என் சரித்திரம்’ தொடரை ஆனந்த விகடனில் தொடங்கியது 1940-இல்; 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது 122 அத்தியாயங்களோடு அது நின்றது. மேதைகளைக் காட்டிச் சாமானியரை அதட்டுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏட்டுச்சுவடி எல்லோர் வீட்டிலும் இல்லை. நான் கவனிக்கச் சொல்வது அவர் செய்த வேலையின் அளவை அல்ல. அந்த வயதில் அவர் தனியாக எதையும் செய்யவில்லை, கி.வா.ஜகந்நாதன் போன்ற மாணவர்கள் உடனிருந்தார்கள். உழைப்பில் அவர்களுக்குப் பங்கு உண்டு, அடுத்து எந்த நூல் என்று முடிவு செய்தது ஐயர். பெரியார் இதைவிடத் தெளிவான உதாரணம். கடைசிக் காலத்தில் மூத்திரப் பையைச் சுமந்துகொண்டு, வலியில் முனகியபடி, வேனில் ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19-ஆம் தேதி சென்னை தியாகராயநகரில் பேசினார். ஐந்து நாள் கழித்து வேலூரில் இறந்தார், 94 வயதில். எழுப்பவும் நடத்தவும் ஆள் வேண்டியிருந்த உடம்பு அது. ஆனால் எந்த ஊருக்குப் போவது என்பதில் அவருக்குப் பதிலாக யாரும் முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. பிறர் கையைப் பிடித்து நடப்பதும் பிறர் சொன்ன திசையில் நடப்பதும் ஒன்றல்ல. நம் வீடுகளில் முதலாவது தேவைப்பட்டதும் இரண்டாவதையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம்.

பெயர்பெற்றவர்களை விட்டுவிடுவோம். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்யாயனி அம்மா, கோயில்களில் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர், 96 வயதில் மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார். அது 2018-இல். இந்த வயதில் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. அதுதான் அதன் அழகு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வந்த வயதான பெண்களையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏரிக்கரையில் புளியமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று அந்தத் திட்டத்தைக் கேலி செய்தவர்கள் கொஞ்சமல்ல. கேலியில் ஒரு பகுதி உண்மையாகவே இருக்கட்டும். காலையில் தூக்குவாளியோடு கிளம்புவதற்கு ஓர் இடம், தன் வயதுக்காரிகள், சாயங்காலம் தன் கணக்கில் விழும் காசு: மருமகள் அனுமதி இல்லாமல் கிடைத்த இந்த மூன்றுக்கும் எந்த முதியோர் நலத் திட்டத்திலும் இடமில்லை.

பயனுள்ளவராக இருந்தால் போதும், பிறருக்குத் தேவைப்பட்டால் முதுமை இனிக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. பாதி உண்மைதான் அது. தேவைப்படுவது மட்டும் போதுமென்றால் தமிழ்ப் பாட்டிகள் உலகிலேயே நிறைவானவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஓய்வு பெறும் வயதே கிடையாது. மகள் பிரசவத்துக்கு அமெரிக்காவுக்கு ஆறு மாதம், மகன் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க பெங்களூருக்கு ஒரு வருடம்; கிழவர் ஊரில் ஓட்டல் சாப்பாடு. டிக்கெட் போட்ட பிறகுதான் தேதி சொல்லப்படுகிறது. இது தேவைப்படுவது, கேட்கப்படுவது இல்லை. கேட்டிருந்தால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே போவார்கள் என்பதும் உண்மை. அப்படியானால் கேட்பதற்கு என்ன?

பெரியவர் பிறரிடம் கேட்காமலிருக்க வழிசெய்வது பணம். முதியோர் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே மாதம் 200 ரூபாய். அந்தத் தொகை உயராமல் ஆண்டுகள் பல ஓடிவிட்டன. தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்து 1,000 ரூபாயாகக் கொடுத்து, 2023-இல் 1,200 ஆக்கியது. ஓ.ஏ.பி. பணம் என்று கிராமத்தில் சொல்லும் இந்தத் தொகையில் ஒரு மாதம் பிழைக்க முடியாது. ஆனால் வெற்றிலைக்கும் பேத்தியின் மிட்டாய்க்கும் உண்டியலுக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருக்க முடியும். சொத்துள்ளவர்கள் கதை வேறு. ‘இருக்கும்போதே எழுதி வெச்சுட்டா நிம்மதி’ என்று செட்டில்மென்ட் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்தான நாளிலிருந்து பெரியவரின் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு எடை கிடையாது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது திருப்பி வாங்க வழி சொல்கிறது. அந்த நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. எதற்கு வம்பு? நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. கூச்சப்பட்டவர்கள்தான் பிறகு கோட்டாட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்கிறார்கள்.

தன் முடிவு, தன் உரிமை என்பதெல்லாம் மேற்கத்திய தனிமனிதச் சரக்கு, நம் கூட்டுக்குடும்பத்தில் இதற்கு இடமில்லை என்று ஒரு தடை எழும். நம் பழைய ஏற்பாட்டைச் சரியாகப் பார்த்தால் அது அப்படியே தலைகீழ். இடுப்பில் சாவிக்கொத்து, திண்ணையில் தனி இடம், கல்யாணப் பேச்சில் கடைசி வார்த்தை: அங்கே முதுமை என்றாலே முடிவெடுக்கும் அதிகாரம். அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நிலம் இருந்தவருக்கும் ஆணாகப் பிறந்தவருக்கும்தான் அந்தத் திண்ணை. விதவைக்குக் கொல்லைப்புறம். விருதுநகர், மதுரை வட்டாரத்தின் சில இடங்களில் படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரை ஊற்றி முடித்துவிடும் தலைக்கூத்தலும் நம் மண்ணில் இருந்ததுதான். பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ படம் அதைப் பற்றியது. ஒருவருக்கான முடிவைச் சுற்றியிருப்பவர்கள் எடுப்பது எந்த எல்லை வரை போகக்கூடும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. இன்னொரு தடை இதன் மறுபக்கம்: அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள்களை ஆட்டிப்படைத்த மாமியார்கள், பேரன் படிப்பில் மூக்கை நுழைக்கிற தாத்தாக்கள். அவர்களை நான் ஆதரிக்கவில்லை. தன் காபி, தன் நடை, தன் காசு, தன் சிநேகிதர் என்பதில் முதியவர் சொல் கடைசிச் சொல்லாக இருக்கட்டும். பேத்தி யாரைக் கட்டிக்கொள்வது என்பதில் அவருக்கு அந்த உரிமை இல்லை. அடுத்தவர் வாழ்க்கையில் விடாப்பிடியாகத் தலையிடுகிற பெரியவர்கள் பலர் தங்கள் வாழ்க்கையில் தலையிட ஏதும் மிச்சமில்லாதவர்கள் என்பதையும் கவனித்திருக்கலாம்.

உண்மையிலேயே ஒதுங்க விரும்புகிறவர்களை என்ன செய்வது? எதுவும் செய்ய வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல்லாண்டு ஆராய்ந்து சொன்னது இதற்குப் பொருந்தும். காலம் குறைவாக இருக்கிறது என்று உணரும்போது மனிதர்கள் வெறும் பழக்கங்களை உதிர்த்துவிட்டு, நெருக்கமான சிலரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் மனம் வாடுவதில்லை, பெரும்பாலும் தெளிகிறது. கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது தளர்ச்சி என்று நினைக்க வேண்டாம், தேர்வாக இருக்கலாம். ‘உங்களால முடியாது’ என்று விட்டுவிட்டுப் போனால்தான் அது தனிமை. தாயுமானவரின் ‘சும்மா’வுக்கும் அப்பாவின் ‘சும்மா’வுக்கும் இடையே இருக்கும் தூரம் இதுதான்.

நினைவு தப்பியவர்கள் விஷயம் கடினமானது. என் வாதம் அங்கே தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வங்கிக் கணக்கை அவர்களிடம் விட முடியாது. ஆனால் நீலச் சேலையா பச்சைச் சேலையா என்று கேட்கலாம். பதில் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. நினைவு இருக்கும்போதே சொல்லிவைக்கவும் வழி இருக்கிறது. கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ கையொப்பமிட்டால் போதும் என்றது. கருமாதிச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைக்கிற நாம், வென்டிலேட்டர் பற்றி வாய் திறப்பதில்லை.

கடைசித் தடைதான் எல்லாவற்றிலும் வலுவானது. விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் என்ன செய்வது? அடுப்பை அணைக்க மறந்தால்? போலீஸ் பேசுகிறேன் என்று போனில் மிரட்டி ஒருவன் சேமிப்பைச் சுருட்டினால்? இதெல்லாம் நடக்கிறது; பயம் வீண் பயமில்லை. இடுப்பெலும்பு முறிவிலிருந்து எழாமலே போனவர்கள் உண்டு. ஆனால் விழுந்துவிடுவார் என்று ஒருவரை நடக்கவிடாமல் உட்கார வைத்தால் கால் தசை வற்றி, எழும் நாளில் நிச்சயமாக விழுவார். ஆபத்தை முழுவதும் நீக்க ஒரே வழி வாழ்க்கையையும் சேர்த்து நீக்குவது. அதற்கு இப்பால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: வழுக்காத தரை, இரவில் எரியும் சிறு விளக்கு, கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி. இவற்றுக்கு ஆகும் செலவு ஆஸ்பத்திரிச் செலவோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். கைப்பிடி பொருத்த ஆள் வரும்போது நீங்களே உயரம் காட்டிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, எந்த இடத்தில் வைக்கலாம் என்று அதைப் பிடிக்கப்போகிறவரிடம் கேளுங்கள்.